பதினான்காவது கட்டம்

நூறு மார்க் தாள்.
அறுபத்தைந்து எடுத்தால் பாஸ்.
பரீட்சை எழுத வந்திருப்பது ஒரு கரட்டுநிலம்.

வெண்கரடு. செட்டிச்சாவடி தாண்டி வடக்கே,
வெள்ளைக்கல் எடுத்து முடித்த குழிகளும்
எடுத்துக் கொட்டிய மண்மேடுகளும்.
நடந்துவிட்டு வந்தால்
பவுடர் பூசிக் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள்போல் இருப்போம்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கரில்
அறிவியல் பூங்கா வருகிறது.
பூங்கா என்பதால்
வரைபடத்தில் எல்லாமே பச்சை.

நானும் ஜெசிந்தாவும் மதிப்பீட்டாளர்கள்.
அவள் ஏற்காட்டுக்காரி.
தினமும் இருபது கொண்டை ஊசி இறங்கி வருபவள்,
நேராகப் போகும் எந்த வாக்கியத்தையும்
சட்டென்று நம்பமாட்டாள்.

சூரிய மின்சாரம்: பத்துக்கு ஒன்பது.
சேலத்து வெயிலுக்கு யார் குறைத்துப் போடுவது?
கூரை மழைநீர்: எட்டு.
மரம் நடுதலுக்குப் பத்தும் கேட்டார்கள்.
"என்ன மரம்?" என்றாள் ஜெசிந்தா.
பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள்.
அலங்கார ஈச்சை.
மூன்று போட்டோம்.

பெரிய குழியில் தண்ணீர் நிற்கிறது,
வானத்துக்குக் கொடுத்தது போக மிஞ்சிய நீலத்தில்.
'அழகூட்டும் ஏரி' என்கிறது திட்ட அறிக்கை.
விளிம்பில் போர்வை அலசிக்கொண்டிருந்த பூவாயி கேட்டார்:
"சுத்தி வேலி போட்டா வழி எந்தப் பக்கம் விடுவீங்க?"
படிவத்தில் தேடினேன்.
கார் நிறுத்த நான்கு கேள்வி,
சைக்கிளுக்கு ஒன்று,
குடத்துக்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.
ஸ்கேனில் பென்சில் விழாது என்பது
பிறகுதான் தெரிந்தது.

பதினான்காவது கட்டம், நிர்வாகம்.
முடிவெடுப்பவர்கள் யார்? நிலத்தோடு அவர்களுக்கு என்ன உறவு?
ஐந்து மார்க்.
குழுவில் ஒன்பது பேர்.
சாலை கிழக்கே ஓட, நுழைவாயில் மட்டும் மேற்கே.
வில்லங்கம் போட்டுப் பார்த்தோம்.
மேற்கை ஒட்டிய பதினோரு ஏக்கர்
ஒன்பது பேரில் ஒருவருடைய மைத்துனர் பெயருக்குப்
போன ஆவணியில் மாறியிருந்தது.
மைத்துனர் நிலம் வாங்குவது குற்றமில்லை.
சிலரைக் கதவுகளே தேடிவந்து நிற்கின்றன.

பூஜ்ஜியம்.
கூட்டினால் அறுபத்து நான்கு.

திட்ட அலுவலர் சுகவனம் கெட்டவரில்லை.
டீ சொன்னார், தட்டுவடை செட் சொன்னார்.
"மூவாயிரம் பேருக்கு வேலை மேடம். ஒரே ஒரு மார்க்."
அவர் மகள் பெங்களூரில் அறை தேடிக்கொண்டிருக்கிறாள்.
எனக்கும் ஒரு தடவை ஒரு மார்க்கில் போயிருக்கிறது;
மறுகூட்டலுக்குப் பணம் கட்டியும்
அசையாமல் நின்றது.

"சரி, பதினாலை விடுங்க. மரத்தை மாத்தறோம்" என்றார்.
ஈச்சை போய் உசிலை, வெப்பாலை, புங்கன்.
நல்ல பட்டியல்தான்.
பிழைக்குமா தெரியாததால் ஒன்றே ஒன்று கூட்டினோம்.
அறுபத்தைந்து.

நிழலுக்கும் நேர்மைக்கும் நடுவில்
ஒரு கூட்டல் குறி.
நாலு புங்கன் நட்டால்
ஒரு கதவை மறைத்துவிடலாம்.
இந்தக் குறியைப் போட்டது யார் என்று
படிவத்தின் கடைசிப் பக்கம் போனேன்.
வடிவமைப்புக் குழு: ஐந்தாவது பெயர் என்னுடையது.
அஸ்தம்பட்டியில் ஏசி அறை, பிற்பகல்,
எல்லோரும் தலையாட்டினோம்.

இம்முறை பேனா.
'இந்தக் கட்டம் மற்றவற்றோடு கூட்டத் தக்கதல்ல.
வாசல் கிழக்கே திரும்பும்வரை
மொத்தம் எழுதப்படவில்லை.'
அதன் கீழே:
'குடம் போகும் வழி, அகலம் ஆறடி.'

சுகவனம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
நோட்டைப் பார்ப்பதுபோல.
ஒன்றும் சொல்லவில்லை.
தட்டில் மிச்சம் ஒரு செட்,
பீட்ரூட் துருவல் ஓரமெல்லாம் கசிந்து.
ஜெசிந்தா எடுத்துக்கொண்டாள்.
ஆறரைக்கு பஸ்.
மலையேறும்போது பசிக்கும் என்றாள்.